முதல் தேர்வை விற்கலாமா?

கேள்வி: வட அமெரிக்கப் பனி ஹாக்கியில் இளம் வீரரை முன்னதாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சில அணிகள் கைமாற்றிவிடுகின்றனவே, அது விவேகமா? நமக்கு அதில் பாடமுண்டா?
— ஒரு ஹாக்கி ரசிகர், சாத்தாங்காடு

பதில்: கிடைக்கும் பிரதிபலனைப் பொறுத்தது. 1991-இல் கியூபெக் நார்டிக்ஸ் முதலாவதாகத் தேர்ந்தெடுத்த எரிக் லிண்ட்ராஸ் அவ்வணிக்கு ஆடச் சம்மதியாமற்போகவே, மறு ஆண்டு அவரைப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்து, பீட்டர் போர்ஸ்பர்க் முதலிய வீரர்களையும் ஒன்றரைக் கோடி டாலரையும் பெற்ற அந்த அணி, 1995-இல் கொலராடோவுக்குக் குடிபெயர்ந்து, 1996-இல் அவ்விளையாட்டின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையையே வென்றது.

நமது ஹாக்கி இந்தியா லீக்கில் நடப்பதோ இத்தகைய தேர்வன்று, ஏலம். 2024 அக்டோபரில் இந்திய வீரர் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சம் ரூபாய்க்குப் போன அந்த ஏலத்திலும், 24 பேர் கொண்ட ஒவ்வோர் அணியிலும் நான்கு இளையோர் கட்டாயமென்றே விதித்திருந்தார்கள். உங்கள் ஊர் இரும்புச் சந்தையில், கட்டடத்துக்குத் தயாரான கம்பிக்கும் இனிமேல் காய்ச்சி உருட்டவேண்டிய பாளத்துக்கும் விலையும் வேறு, உபயோகமும் வேறல்லவா? தேர்ந்த வீரர் கம்பி, இளைஞர் பாளம். இவ்வருஷமே கோப்பைக்கு யோக்கியதையுள்ள அணி கம்பியை வாங்கட்டும். அஸ்திவாரமே போடாத அணி, ஒருவருக்குப் பதில் பலர் கிடைத்தாலன்றி, இளைஞனை விட்டுக்கொடுப்பது உசிதமன்று.