மெழுகு இளகிய மதியம்

சித்திரை மாதம், மதியம் ஒரு மணி. தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் சாப்பிட வண்டியை நிறுத்தினோம். “திருவையாறு, திருவையாறு”, “பட்டுக்கோட்டை” என்று கண்டக்டர்கள் கூவுகிறார்கள். ஹாரன் சத்தம் ஓயவே இல்லை. வீணை, கண்ணாடி ஏற்றிய காரின் பின் இருக்கையில். முக்கால் மணி நேரம்தான். திரும்பி வந்து உறையைத் தொட்டால் கை சுட்டது.

நான் குன்னூர்க்காரி. அங்கே வீணைக்கு ஈரம்தான் பயம். வெயிலுக்கு என்ன செய்வது என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை. வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அறைந்தவை அல்ல. தேன்மெழுகும் குங்கிலியமும் கரித்தூளும் கலந்து வைத்த மெழுகுமேல் பதிந்து நிற்பவை. அறைக்கு வந்து சுருதி சேர்த்து, சரளி வரிசையை மெதுவாக வாசித்தேன். ஸ்வரம் சேரவில்லை. காந்தாரத்தில் தந்தியை இழுத்ததும் மெட்டே விரலோடு சாய்ந்தது. மறுநாள் மாலை கோயிலில் கச்சேரி.

ஆட்டோக்காரரிடம் “வீணை செய்யறவங்க” என்றேன். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தெற்கு வீதிப் பக்கம் கொண்டுபோய் விட்டார். பட்டறை வாசலெங்கும் பலாமரச் சிராய். வர்ணம் ஏறாத யாளி முகங்கள் சுவரோரம் வரிசையாக இருந்தன. தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பத்திரிகையில் படித்திருக்கிறேன். அந்த மரவாசனையில் நின்றபோதுதான் அதன் அருமை எனக்குப் புரிந்தது.

ஆசாரி நகத்தால் மெழுகை அழுத்திப் பார்த்தார். “உங்க ஊர்க் குளிருக்கு இளக்கமா கட்டியிருக்காங்கம்மா. இந்த வெயிலுக்கு நிக்காது.”

“நாளைக்குக் கச்சேரி ஐயா.”

“பார்த்துடலாம், உட்காருங்க.”

இரும்புக் கம்பியைச் சுடவைத்து மெழுகின்மேல் ஓட்டினார். மெட்டைக் கட்டைவிரலால் அமுக்கி, தந்தியை மீட்டி, காதைக் குடத்தருகே வைத்தார். மயிரிழை நகர்த்தினார். மறுபடி மீட்டினார். சாய்ந்திருந்த அந்த ஒரு மெட்டுக்கே கால் மணி நேரம். கொடுக்கும்போது, “ராத்திரி தொடாதீங்க. நல்லா ஆறட்டும்” என்றார்.

வாசிக்கவும் முடியாது, தூக்கமும் வராது. மேல வீதியில் நடந்தேன். சியாமா சாஸ்திரிகள் பூஜித்த பங்காரு காமாட்சி கோயில் அங்கேதான் இருக்கிறது. தஞ்சை நால்வர் வாழ்ந்த வீடும் அதே வீதியில்தான். இருட்டிய பிறகும் சுவர்கள் அனலடித்தன. இந்த வெக்கையில் உட்கார்ந்துதான் அவர்களும் சாதகம் செய்திருப்பார்கள் என்று நினைத்தபோது மனசு நிதானப்பட்டது.

காலையில் திருவையாறு போனேன். காவிரி என்று நான் மனசில் வைத்திருந்த தண்ணீர் அங்கே இல்லை. கரைக்குக் கரை மணல். மேட்டூரில் ஜூன் 12-ல் அணை திறப்பதுதான் வழக்கம். பச்சை வயல் பார்க்க வேண்டுமானால் அதற்குப் பிறகு வாருங்கள்.

கோடையில் இங்கே வாத்தியத்தோடு வருகிறவர்கள் ஒரு நாள் முன்னதாக வந்துவிடுங்கள். நிறுத்திய காரில் வீணையை ஐந்து நிமிஷம்கூட விடாதீர்கள். ஏசி அறையிலிருந்து நேராக மேடைக்குக் கொண்டுபோனாலும் சுருதி நிற்காது. ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, பருத்திப் போர்வையில் நிழலில் வையுங்கள். கோயில் மேடையில் ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போடச் சொல்லுங்கள். இரவு ஏழு மணிக்கும் கல் சுடுகிறது. பெரிய கோயிலுக்குப் போவதானால் காலை எட்டு மணிக்குள். உச்சி வெயிலில் அந்தக் கல்தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. ஐஸ் தண்ணீர் வேண்டாம்; தெருமுனையில் நுங்கு கிடைக்கும்.

அன்று மாலை காந்தாரத்தை இழுக்கும்போதெல்லாம் கண் அந்த மெட்டுக்கே போனது. அசையவில்லை. ஊர் திரும்ப விடியற்காலை மூன்றரைக்கே கிளம்பினோம். கரூர் தாண்டும்வரை வெயில் ஏறவில்லை.