கணினி யுகத்தில் நூலகர் பணி

கைப்பேசியிலேயே நூல்கள் கிடைக்கும் இந்நாளில் நூலகர் எதற்கு என வினவுவோர் உளர். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வகுத்தளித்த ஐந்து விதிகளுள் நான்காவது இதற்கு விடையாகும். வாசகரின் நேரத்தைக் காத்தல் வேண்டும் என்பதே அவ்விதி.

மின்பட்டியல் பெரும்பாலும் நாம் தட்டிய எழுத்துகளையே தேடும். உ. வே. சா., சாமிநாதையர், சுவாமிநாத ஐயர் எனப் பலவாறு பதிவான பெயர்கள் ஒருவரையே குறிப்பன. நூலகர் அவற்றைப் பட்டியலில் இணைக்காவிடில், ஒரு வடிவைத் தேடுவோர்க்கு மற்றவை கிட்டா. இருக்கும் நூலும் இல்லாத நூலாகிவிடும்.

ஆதலின் நூலகர் அலமாரிக் காவலராக நில்லாது, மின்னூல்களைச் செம்மையாகப் பட்டியலிடவும், மாணவர் தேவையைக் கேட்டறிந்து தக்க நூலைச் சுட்டவும் வல்லவராதல் வேண்டும். அத்தகையோரை எக்கருவியாலும் அகற்ற இயலாது.