பரோலோ ஏன் பிடிக்காமல் போனது?

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள் மிலானில் வேலை பார்க்கிறோம். இத்தாலியில் இருந்துகொண்டு ஒயினைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருக்கிறோமே என்று ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, மூன்று பகுதி ஒயின்கள் வாங்கி ஒரு சனிக்கிழமை இரவு திறந்தோம். முதலில் அமரோனே, அப்புறம் கியாந்தி கிளாசிக்கோ, கடைசியில் இருப்பதிலேயே விலை கூடிய 2020 பரோலோ. தொட்டுக்கொள்ள மிக்சரும் சில்லி சிக்கனும். அமரோனே எல்லோருக்கும் பிடித்தது. கியாந்தி புளித்தது. பரோலோவில் ஒரு வாய்க்கு மேல் யாராலும் குடிக்க முடியவில்லை; அவ்வளவு துவர்ப்பு. பாதிப் பாட்டில் மிஞ்சிவிட்டது. கோளாறு எங்கள் நாக்கிலா, ஒயினிலா, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? வெவ்வேறு பகுதி ஒயின்களை ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது முறை உண்டா?

– வாசகர், மிலான்

பதில்: உங்கள் நாக்கு நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. கடைக்காரரையும் விட்டுவிடுங்கள். நீங்கள் குடித்த வரிசை தலைகீழ். மிச்சத்தை மிக்சர் கெடுத்துவிட்டது.

முதலில் அமரோனே. வெரோனாவை ஒட்டிய வல்போலிச்செல்லா குன்றுகளில் விளையும் கொர்வீனா முதலான திராட்சைகளை இதற்காகப் பறித்தால் உடனே பிழிய மாட்டார்கள். காற்றோட்டமான பரண்களில் தட்டுகளில் பரப்பி மூன்று நான்கு மாதம் வாட விடுவார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீராகப் போய்விடும், சர்க்கரை கெட்டிப்படும். அதைப் புளிக்கவைத்தால் ஆல்கஹால் 15, 16 சதவீதம் வரை ஏறுகிறது (சட்டப்படி குறைந்தது 14). உலர் திராட்சை, சாக்லெட் வாசனை, கனம், ஓரத்தில் கொஞ்சம் இனிப்பு. முதல் தடவை குடிப்பவருக்குப் பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம்.

இனிப்பும் கனமும் நாக்கில் குந்திக்கொண்ட பிறகு கியாந்தி கிளாசிக்கோவை ஊற்றினால் என்ன ஆகும்? அது ஃபுளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் இடைப்பட்ட மலைநாட்டின் ஒயின். குறைந்தது 80 சதவீதம் சாஞ்சோவேஸே திராட்சை இருக்க வேண்டும் என்பது விதி. சாஞ்சோவேஸேயின் உயிரே புளிப்புதான். தக்காளிச் சாஸ், ஆலிவ் எண்ணெய், சுட்ட இறைச்சி என்ற டஸ்கனிச் சாப்பாட்டோடு அந்தப் புளிப்பு வாயைக் கழுவி அடுத்த கவளத்துக்குத் தயார் செய்யும். அமரோனேவுக்குப் பின்னால் அதே புளிப்பு தனித்து நின்று முகத்தைச் சுளிக்க வைக்கும்.

பரோலோ விஷயம் இன்னும் கடினம். பியமோந்தேயில் ஆல்பா நகரத்துக்குத் தெற்கே 11 ஊராட்சிகளில் மட்டும், நெபியோலோ திராட்சை ஒன்றை மட்டுமே வைத்துச் செய்வது. அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் 38 மாதம் வைத்திருந்த பிறகே விற்கலாம். அதில் 18 மாதமாவது மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். இத்தனை காத்திருப்பும் அந்தத் துவர்ப்பு இறங்கத்தான். அப்படியும் 2020 இன்னும் இளசு. பாக்கை மென்றதுபோல் ஈறும் உதடும் இறுகும். அதைத் திறந்த கையோடு, வெறும் வாயில், கடைசி ஆளாகக் குடித்திருக்கிறீர்கள். மிஞ்சிய பாதியை மறுநாள் சாப்பாட்டோடு குடித்துப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் இந்தக் கடிதத்தின் தொனி கொஞ்சம் மாறியிருக்கும்.

இனி மிக்சர். மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டும், துவர்ப்பைச் சொரசொரப்பாக்கும். இனிப்பு இருந்தால் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் உங்கள் மேசையில் அமரோனே மட்டும் தப்பித்தது. நம்மூர்க் காரத்தோடு இத்தாலிய ஒயின் வேண்டும் என்றால் 5, 5.5 சதவீத ஆல்கஹால் மட்டுமே உள்ள மொஸ்காத்தோ தாஸ்தியைக் குளிரவைத்துக் குடியுங்கள். எமிலியா ரோமாஞ்ஞாவின் நுரைக்கும் சிவப்பு லாம்ப்ருஸ்கோவில் ‘அமாபிலே’ என்று போட்ட லேசான இனிப்பு வகையும் சில்லி சிக்கனுக்குத் தோதாக இருக்கும். ஒயின் பண்டிதர்கள் சிலர் லாம்ப்ருஸ்கோ என்றாலே உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்கள் சில்லி சிக்கன் சாப்பிட்டதில்லை.

ஒப்பிடும் முறைக்கு வருவோம். நீங்கள் செய்ததில் பெரிய பிசகு, மூன்று பாட்டிலுக்கும் பொதுவாக எதுவுமே இல்லாதது. திராட்சை வேறு, மண் வேறு, செய்முறை வேறு. வித்தியாசம் தெரிந்தது, சரி. எதனால் வந்த வித்தியாசம் என்று எப்படிச் சொல்வீர்கள்? ஒன்றை நிலையாக வைத்துக்கொண்டு மற்றதை மாற்ற வேண்டும். இத்தாலியில் 20 பகுதிகள், இருபதிலும் ஒயின் உண்டு. இப்படிப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இல்லாவிட்டால் ஆயுள் முழுக்கக் குடித்தாலும் குழப்பம்தான் மிஞ்சும்.

மிலானில் இருக்கும் உங்களுக்கு நான் முதலில் சொல்வது நெபியோலோவையே. பிடிக்காத திராட்சையில் ஏன் ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். மண்ணை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டிக்கொடுக்கும் திராட்சை இத்தாலியில் வேறு இல்லை என்பது என் கட்சி. பரோலோவை விட்டுவிடுங்கள். மூன்று பாட்டில் வாங்குங்கள்: வல்தெல்லினா சுப்பேரியோரே, கத்தினாரா, பர்பரெஸ்கோ.

வல்தெல்லினா உங்கள் லொம்பார்தியாவிலேயே இருக்கிறது. மிலானோ சென்ட்ராலேயில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சோந்திரியோ. அத்தா ஆறு கிழக்கிலிருந்து மேற்கே ஓடுவதால் அதன் வடகரைச் சரிவு முழுக்கத் தெற்கு வெயிலைப் பார்த்து நிற்கிறது. அந்தச் செங்குத்தில் சாந்து வைக்காமல் கல்லை மட்டும் அடுக்கிப் படி கட்டி, படிக்கு நாலு கொடி நட்டிருக்கிறார்கள். டிராக்டர் ஏறாது. கூடையும் ஆளும்தான். நெபியோலோவுக்கு அங்கே கியாவென்னாஸ்கா என்று பெயர். ஆல்ப்ஸின் குளிரால் ஒயின் மெலிசாக, வாசனை மிகுந்து, துவர்ப்பு அடங்கி வரும். கத்தினாரா பியமோந்தேயின் வடபகுதியில், மோந்தே ரோசா மலைக்குக் கீழே எரிமலைப் பாறை நிலத்தில் விளைவது. அங்கே இதே திராட்சை ஸ்பான்னா. புளிப்பு தூக்கலாக, கொஞ்சம் கறாரான ஒயின். பர்பரெஸ்கோ பரோலோவின் பக்கத்து வீடு. தானாரோ ஆற்றோரம், சற்றே வெப்பமான இடம். 26 மாதம் வைத்திருந்தால் போதும், அதில் 9 மாதம் மரத்தில். பரோலோவைவிடச் சீக்கிரம் இளகும்.

மூன்றையும் ஒரே மாதிரியான கிளாஸில், ஆளுக்குச் சுமார் 50 மில்லி ஊற்றுங்கள். 750 மில்லி பாட்டிலில் பதினைந்து பேருக்கு வரும். ஐந்து பேர் என்றால் சாப்பாட்டோடு குடிக்கவும் நிறைய மிஞ்சும். ஒரு வெள்ளைத் தாளுக்கு மேல் கிளாஸைச் சாய்த்துப் பாருங்கள். நெபியோலோவின் நிறம் ஆளை ஏமாற்றும்: தாளில் அச்சு இருந்தால் ஒயின் வழியாகவே படிக்கலாம், விளிம்பில் செங்கல் சாயல் ஓடும். இவ்வளவு வெளிறிய சாறுக்குள்ளா இத்தனை துவர்ப்பு என்று தோன்றும். ஆட்டாமல் ஒரு தடவை முகருங்கள், சுழற்றிவிட்டு ஒரு தடவை. காய்ந்த ரோஜா, தார், புளிப்புச் செர்ரி என்று புத்தகங்கள் சொல்லும். உங்களுக்குக் காய்ந்த ரோஜா தெரியாமல், பூக்கடையில் மீந்த மாலை வாசனை வந்தால் அதையே எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பு உங்களுக்குத்தான், தேர்வாளருக்கு அல்ல. பிறகு ஒரு வாய் வைத்து எல்லா இடத்திலும் படும்படி உருட்டுங்கள். நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறினால் புளிப்பு. ஈறு இறுகினால் துவர்ப்பு. தொண்டை சுட்டால் ஆல்கஹால். இந்த மூன்றையும் தனித்தனியே பிரித்துச் சொல்ல வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. விழுங்கிய பின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். நல்ல ஒயினுக்கு அது முக்கியமான சாட்சி.

பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி எண் போட்டுவிடுங்கள். விலை தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ குடிக்கச் சொல்வதை ஜூலை மாத மிலானில் நம்ப வேண்டாம். 16 முதல் 18 டிகிரிதான் கணக்கு, அரை மணி நேரம் ஃபிரிஜ்ஜில் வைத்தெடுத்தால் சரியாக இருக்கும். இளம் நெபியோலோவை ஓரிரு மணி நேரம் முன்பே ஒரு ஜாடியில் ஊற்றி வைத்தால் நல்லது. திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தால் அது கார்க்கினால் வந்த கேடு. பாட்டிலைக் கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்து மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் சுற்றை வெறும் வாயில் ருசி பாருங்கள். இரண்டாவது சுற்றில் ஒரு துண்டு பர்மிஜானோ சீஸை மென்றுகொண்டே குடியுங்கள். துவர்ப்புப் பொருள் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் தன்மையுள்ளது; உங்கள் எச்சிலின் புரதத்தைப் பிடிப்பதால்தான் வாய் வறள்கிறது. சீஸிலோ இறைச்சியிலோ பிடிக்க வேறு புரதம் கிடைத்தால் உங்கள் வாய் தப்பும். அன்று துவர்த்த அதே வகை ஒயின் இன்று வழுவழுப்பாக இறங்கும். (உங்களில் சுத்த சைவர் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை: பர்மிஜானோவின் பாலைத் திரிப்பது கன்றுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட். காய்கறி ரெனெட் என்று உறையில் போட்டிருக்கும் வேறு சீஸ் பார்த்து வாங்குங்கள்.)

அடுத்த தடவைக்கு உங்களுக்குப் பிடித்த அமரோனேவின் குடும்பம். இங்கே இடத்தையும் திராட்சையையும் நிலையாக வைத்துச் செய்முறையை மட்டும் மாற்றுகிறோம். சாதா வல்போலிச்செல்லா: வாடாத திராட்சை, லேசான, செர்ரி வாசனைச் சிவப்பு. ரிப்பாஸ்ஸோ: அதே ஒயினை அமரோனே செய்து மிஞ்சிய சக்கையின் மேல் ஊற்றி மறுபடி புளிக்கவைத்தது. மூன்றாவது அமரோனே. கடைசியில் ரெச்சோத்தோ: வாடிய திராட்சையின் சர்க்கரை தீருமுன்பே புளிக்கவைப்பதை நிறுத்திய இனிப்பு ஒயின். இந்த வரிசையில்தான் குடிக்க வேண்டும். மெலிசிலிருந்து கனத்துக்கு, இனிப்பு கடைசியில். இந்தக் கனம்தான் உங்களுக்குப் பிடிக்கிறது என்றால் இவ்வளவு செலவழிக்கவும் தேவையில்லை. புலியாவின் பிரிமித்தீவோ தி மந்தூரியா அதே ஆசையைக் குறைந்த விலையில் தீர்க்கும். அமெரிக்காவில் ஜின்ஃபாண்டெல் என்று கொண்டாடுவதும் இதே திராட்சைதான் என்பது மரபணுச் சோதனையில் தெரிந்த சங்கதி.

தெற்கைச் சூடான, கனமான ஒயின்களின் ஊர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எத்னா எரிமலையின் வடசரிவில், 600 மீட்டருக்கு மேலே விளையும் நெரெல்லோ மஸ்கலேஸேயின் சிவப்பு, நிறத்திலும் துவர்ப்பிலும் பியமோந்தேக்காரர்களையே தடுமாற வைக்கும். நீங்கள் பர்பரெஸ்கோவுக்குப் பக்கத்தில் ஒரு எத்னா ரொஸ்ஸோவைச் செய்தித்தாளில் சுற்றி வைத்து நண்பர்களைச் சோதித்துப் பார்க்கலாம்.

வெள்ளை ஒயின்களுக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். இப்போதைக்கு ஒன்று: புரொசெக்கோ வாங்கும்போது ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்று இருந்தால் அது ‘ப்ரூட்’டைவிட இனிப்பானது. பெயரைப் பார்த்து ஏமாறுபவர்கள் ஏராளம்.

பெயர்க் குழப்பம் இத்தாலியில் தொழில் மாதிரி. வீனோ நோபிலே தி மொந்தெபுல்ச்சானோ என்றால் டஸ்கனியில் உள்ள ஊர், திராட்சை சாஞ்சோவேஸே. மொந்தெபுல்ச்சானோ தாப்ருத்ஸோ என்றால் மொந்தெபுல்ச்சானோ ஒரு திராட்சை, ஊர் அப்ருத்ஸோ பக்கம். ஒன்றுக்கொன்று உறவே கிடையாது.

லேபிளில் டி.ஓ.சி., கழுத்தில் எண் போட்ட அரசு முத்திரைச் சீட்டோடு டி.ஓ.சி.ஜி. என்றெல்லாம் பார்த்திருப்பீர்கள். முதலாவது 1963 சட்டத்தில் வந்தது. இரண்டாவது 1980இல் நடைமுறைக்கு வந்தபோது பரோலோவும் முதல் பட்டியலில் இருந்தது. இவை எந்த இடம், எந்தத் திராட்சை, எத்தனை மாதம் என்பதற்கு உத்தரவாதம். ருசிக்கு உத்தரவாதம் அல்ல. டஸ்கனிக் கடற்கரையில் போல்கெரியில் செய்யும் சஸ்ஸிகாயா 1968 விளைச்சலிலிருந்து விற்பனைக்கு வந்தது. பிரெஞ்சுக் காபர்னே திராட்சை என்பதால் சட்டத்தில் இடமில்லை. உலகமே தேடி வாங்கிய ஒயின், 1990களில் விதி மாறும்வரை வெறும் ‘மேசை ஒயின்’ என்ற லேபிளோடுதான் விற்றது. ஆகவே முத்திரையைப் பார்த்துவிட்டு, தயாரிப்பாளர் யார் என்பதைக் கடைக்காரரிடம் கேளுங்கள். மிலானின் எனோத்தேகாக்களில் (ஒயின் கடைகளில்) இதைப் பொறுமையாகச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, மேசையில் ஒரு காலி ஜாடியும் வையுங்கள். ருசி பார்ப்பவர்கள் துப்புவது மரியாதைக் குறைவு அல்ல, தொழிலே அப்படித்தான். நான்கு ஒயினை விழுங்கிவிட்டு ஐந்தாவதைப் பற்றி யார் சொல்லும் கருத்துக்கும் மதிப்பில்லை. வீட்டுக்கு மெட்ரோவில் போங்கள். இத்தாலியில் வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் எல்லை. உரிமம் எடுத்து மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கு அது பூஜ்யம்.