சடசடப்பு அடங்கட்டும்!

சித்திரை, வைகாசி மாதங்களில் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் நடந்திருக்கிறீர்களா? கால்விரல் நுழையும் அளவுக்கு நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த நிலத்தில் உழைப்பவர்களின் குதிகாலிலும் வெடிப்பு இருக்கும். இரண்டிலும் நடப்பது நீரிழப்புத்தான். கரிசல் களிமண் நீரை உறிஞ்சினால் உப்பும். இழந்தால் சுருங்கிப் பிளக்கும். தோலின் மேலடுக்கும் ஈரம் வற்றினால் விறைத்துப் பிளக்கிறது.

இதற்காக நம் வீடுகளில் குப்பைமேனியையோ வேப்பிலையையோ நல்லெண்ணெயில் காய்ச்சித் தடவுவார்கள். எண்ணெய் தோலுக்கு நீரைத் தருவதில்லை. தோலிலுள்ள நீர் ஆவியாகிவிடாமல் மூடி போடுகிறது, அவ்வளவே. ஆகவே தோலில் நீர் தங்கவேண்டும். ஆனால் காய்ச்சிய எண்ணெயில் நீர் தங்கவே கூடாது. ஏன்?

இலைக்குள் இருக்கும் நீர்

பச்சை இலையின் எடையில் பெரும்பகுதி நீரே. நீரில் கரைபவை பெரும்பாலும் எண்ணெயில் கரையா. இலையின் பச்சையம் போன்ற சில பொருள்களே எண்ணெயில் கரைந்து அதற்கு நிறம் தருகின்றன. இலையிலுள்ள நீர் வெளியேறாமல் தங்கினால், எண்ணெயைவிட அடர்த்தி மிகுந்ததால் அடியில் போய்ச் சேரும். அங்கே பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். எண்ணெயும் விரைவில் சிக்கு வாடை அடிக்கும்.

சரி, நீர் போய்விட்டது என்பதை எப்படி அறிவது? வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். “சடசடப்பு அடங்கினதும் இறக்கு” என்பார். அந்தச் சொல்லில் ஒரு பௌதிகப் பாடமே இருக்கிறது.

சத்தம் என்ன சொல்கிறது?

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். அகலமான இருப்புச்சட்டியில் 250 மி.லி. நல்லெண்ணெய் ஊற்றுங்கள். சட்டியில் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. கழுவித் துடைத்த 50 கிராம் இலையை நசுக்கி, எண்ணெய் குளிர்ந்திருக்கும்போதே போட்டுச் சிறு தீயில் வையுங்கள்.

சிறிது நேரத்தில் குமிழிகள் கிளம்பும். சடசடவென ஒலி கேட்கும். இலையின் நீர் ஆவியாகிறது. தீ சிறிதாக இருந்தால், நீர் உள்ளவரை எண்ணெயின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸை வெகுதூரம் தாண்டுவதில்லை. அடுப்பு தரும் வெப்பத்தின் பெரும்பகுதியை ஆவியாதலே வாங்கிக்கொள்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 250 மி.லி. எண்ணெய் ஏறத்தாழ 230 கிராம். அதன் தன்வெப்பம் நீரினதில் ஏறக்குறைய பாதி. 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு அதைச் சூடாக்க 230 × 0.5 × 70, அதாவது சுமார் 8,000 கலோரி போதும். இலையில் 40 கிராம் நீர் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கிராம் நீரை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். 40 × 540 = 21,600 கலோரி! எண்ணெயைச் சூடாக்குவதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். இலையை அரைநாள் நிழலில் வாடவிட்டால் இதில் ஒரு பகுதியைக் காற்றே செய்துவிடும், விறகும் மிச்சம்.

நீர் தீர்ந்ததும் ஒலி அடங்கும். அந்தக் கணமே அடுப்பை அணையுங்கள். வெப்பத்தை வாங்கிக்கொள்ள இனி நீர் இல்லை. ஆகவே எண்ணெயின் வெப்பநிலை கிடுகிடுவென ஏறும்; இலை கருகும், எண்ணெய் புகையும், கவனிக்காவிட்டால் தீப்பற்றும். ஆறியபின் ஒரு பஞ்சுத் திரியை அதில் நனைத்துக் கொளுத்துங்கள். படபடக்காமல் எரிந்தால் நீர் இல்லை என்று பொருள். பின் வடிகட்டி, நன்கு உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள்.

மறக்கக் கூடாதவை

பள்ளி ஆய்வகத்தின் 110 டிகிரி வெப்பமானியைச் சூடான எண்ணெயில் விடாதீர்கள். உடைந்து பாதரசம் சிந்தும். கொதிக்கும் எண்ணெயில் ஒரு சொட்டு நீரும் படக்கூடாது. நீர் ஆவியானால் பருமன் ஏறத்தாழ 1,700 மடங்காகும். எண்ணெய்க்கு அடியில் மூழ்கிய நீர் அப்படி விரிந்தால், கொதிக்கும் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள்.

அடுப்பில்லாமலும் எண்ணெய் தயாரிக்கலாம். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, வெயிலில் சில நாள் வைத்துத் தைலம் எடுப்பது சித்த மருத்துவ வழக்கம். எண்ணெய் கருநீல ஊதாவாக மாறும். இந்த இலையிலிருந்து முன்பு நீலச் சாயமும் எடுத்தார்கள்.

வீட்டில் காய்ச்சிய எண்ணெய் வறண்ட தோலுக்குத்தான். புண், படை, கொப்புளம் இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி, ஒருநாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் விட்டுவிடுங்கள்.

நீங்களே கண்டுபிடியுங்கள்

1. இலையும் எண்ணெயும் போட்ட சட்டியை அடுப்பில் ஏற்றுமுன்னும், இறக்கி ஆறியபின்னும் எடை பாருங்கள். குறைந்த எடை எதைக் காட்டுகிறது?

2. வெயிலில் வைக்கும் வெட்பாலை எண்ணெய்ப் பாத்திரத்தை இறுக மூடாமல் மெல்லிய துணியால் கட்டுவது ஏன்?