புள்ளிக்கு முன் கணக்கு பாருங்கள்

(குடும்பப் பாடம்)

வாசிக்க: லூக்கா 14:28-30, நீதிமொழிகள் 22:7



இந்த மாதம் கொஞ்சம் வித்தியாசமான ஒரு காரியத்தைப் பாடமாக எடுத்திருக்கிறேன். கடன் அட்டை. நாம் பேசுகிறபடி சொன்னால் கிரெடிட் கார்டு. "சபைப் பத்திரிகையில இதுக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறவர்களில் கடன் பாரத்துக்காக எழுதாதவர்கள் எத்தனை பேர், சொல்லுங்கள் பார்ப்போம். முன்பெல்லாம் அது வட்டிக்காரரிடம் வாங்கின கடனாக இருந்தது. இப்போது அட்டைக் கடனும் சேர்ந்துவிட்டது.

இதே அட்டையை வைத்துக்கொண்டு ஒரு பைசா வட்டி கட்டாமல், வருஷத்துக்குக் கொஞ்சம் ஆதாயமும் பார்க்கிறவர்கள் நம் நடுவிலே இருக்கிறார்கள். அவர்கள் எப்படிச் செய்கிறார்கள்? நாம் எங்கே தவறுகிறோம்? அடிபட்டவன் என்கிற முறையில் எழுதுகிறேன்.

என் அனுபவம்

நான் தறியில் உட்கார்ந்து வளர்ந்தவன். கூடவே சேலை வாங்கி விற்கிற சின்ன வியாபாரமும் உண்டு. 2018-ஆம் வருஷம் ஒருநாள் போன் வந்தது. "சார், உங்க கணக்கு நல்லா இருக்கு. கார்டு ரெடி. முதல் மாசம் செலவு பண்ணினீங்கன்னா 2,000 புள்ளி இலவசம்" என்றார்கள். 'சார்' என்று கூப்பிட்டதிலேயே பாதி விழுந்துவிட்டேன்.

அந்த 2,000 புள்ளிக்கு மதிப்பு 500 ரூபாய் என்பது பிறகுதான் தெரிந்தது. 500 ரூபாய் ஆதாயத்துக்காக, அவசரமில்லாத ஒரு பிரிட்ஜை வாங்கி வீட்டில் வைத்தேன். அதற்குள் ஐப்பசி மழை பிடித்தது. குழித்தறிக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. குழியில் ஈரம் ஏறும், தெருவில் பாவு போட முடியாது, வேலை நின்றுபோகும். சேலையை அறுத்துக் கொடுத்தால்தானே கூலி? மளிகை, பிள்ளையின் ஸ்கூல் பீஸ் எல்லாம் அட்டையிலேயே போயிற்று. பாக்கி 38,000 ரூபாய் ஆனது.

பில்லில் இரண்டு தொகை இருந்தது. மொத்தம் கட்டவேண்டியது 38,000. குறைந்தபட்சம் கட்டவேண்டியது 1,900. "அடடா, 1,900 கட்டினால் போதுமாமே, எவ்வளவு இரக்கம்!" என்று நினைத்தேன். மாதம் தவறாமல் 1,900 கட்டிவந்தேன். பில்லை மட்டும் தார்ப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்தேன். தார் சுற்றுகிறது யார்? என் மனைவிதான். ஒளித்துவைக்கக்கூடப் புத்தியில்லாதவனாயிருந்தேன்.

அவள் எடுத்துப் பார்த்துவிட்டுச் சண்டை போடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏங்க, மாசா மாசம் கட்டறேன்னு சொல்றீங்களே, அப்புறம் ஏன் குறையல?" எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் இதுதான். அந்த அட்டைக்கு வட்டி மாதம் 3.5 சதவீதம். 38,000-க்கு 1,330 ரூபாய். வட்டியின்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 239 ரூபாய். ஆக 1,569. நான் கட்டின 1,900-இல் அசலுக்குப் போனது 331 ரூபாய் மாத்திரமே! பதினோரு மாதத்தில் 20,900 ரூபாய் கட்டியும், கடன் இறங்கினது ஏறக்குறைய 4,500 ரூபாய்தான்.

கடைசியில் அவளுடைய செயினை வங்கியில் நகைக்கடன் வைத்து அட்டைக் கடனை ஒரே தவணையில் அடைத்தோம். நகைக்கடனுக்கு வட்டி மாதம் 1 சதவீதத்துக்கும் கீழே. அடுத்த வருஷம் நகையை மீட்டோம். அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் வெறுங்கழுத்தோடு ஆராதனையில் என் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியுமே!

1. அட்டை எப்படி வேலை செய்கிறது?

பாவு முழுவதும் தறியில் ஏறின பிறகே ஊடை போடுகிறோம். பாவு இல்லாத தறியில் நாடா ஓட்டுகிறவன் உண்டா? கணக்கில் ஏற்கெனவே இருக்கும் பணம்தான் பாவு. அட்டையில் செய்யும் செலவு ஊடை.

மாதம் ஒருமுறை பில் போடும் தேதி ஒன்று உண்டு. கட்டவேண்டிய கடைசித் தேதி வேறு. பில் தேதி 5, கடைசித் தேதி 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். 6-ஆம் தேதி வாங்கின பொருள் அடுத்த மாதப் பில்லில்தான் வரும். ஏறக்குறைய 50 நாள் வட்டியில்லாத தவணை. 4-ஆம் தேதி வாங்கினால் 20 நாள் சொச்சம்தான். விவரமறிந்தவர்கள் பெரிய செலவைப் பில் தேதிக்கு மறுநாள் வைத்துக்கொள்வது இதனால்தான்.

ஆனால் இந்தச் சலுகை முழுத்தொகையையும் கட்டுகிறவனுக்கு மாத்திரமே. பாக்கி வைத்தால் பொருள் வாங்கின நாளிலிருந்தே வட்டி கணக்காகும். பாக்கி தீரும்வரை புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வட்டியில்லாத நாள் கிடையாது. பலர் இதைக் கவனிப்பதில்லை.

2. புள்ளி எங்கிருந்து வருகிறது?

நீங்கள் 1,000 ரூபாய்க்கு அட்டையைத் தேய்த்தால், கடைக்காரருக்கு முழு ஆயிரமும் போய்ச் சேராது. 2 சதவீதம்வரை கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். அதிலிருந்து ஒரு பங்கு உங்களுக்குப் புள்ளியாக வருகிறது. இன்னொரு வருமானம், என்னைப்போல் பாக்கி வைத்து வட்டி கட்டினவர்கள் கொடுத்தது. ஒருவருக்கு இலவசமாய்த் தெரிகிறது இன்னொருவருடைய வட்டியாக இருக்கலாம்.

புள்ளியின் எண்ணிக்கையைப் பார்க்காதிருங்கள். ஒரு புள்ளி எத்தனை பைசா என்று கேளுங்கள். 100 ரூபாய்க்கு 1 புள்ளி, புள்ளிக்கு 25 பைசா என்றால் ஆதாயம் கால் சதவீதம். 100 ரூபாய்க்கு 4 புள்ளி என்றால் 1 சதவீதம்.

மாதம் 10,000 ரூபாய் செலவு, 1 சதவீத ஆதாயம் என்றால் மாதம் 100 ரூபாய். ஒரே ஒரு மாதம் அந்த 10,000 பாக்கி நின்றால் வட்டி 350, ஜி.எஸ்.டி. 63, ஆக 413 ரூபாய். நான்கு மாதப் புள்ளி ஒரு மாதத் தவறுதலில் போயிற்று!

3. ஒரு சகோதரியின் நோட்டு

நமக்குத் தெரிந்த ஒரு சகோதரி பள்ளி ஆசிரியை. பல வருஷமாய் அட்டை வைத்திருக்கிறார், ஒருதரமும் வட்டி கட்டினதில்லை. அவரிடம் போய் விசாரித்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காண்பித்தார்.

அட்டையில் செலவு செய்த அன்றைக்கே, அதே தொகையைச் சம்பளக் கணக்கிலிருந்து எடுத்து வேறு ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுகிறார். நோட்டில் தேதியும் தொகையும் எழுதுகிறார். பில் வருகிற அன்று நோட்டையும் பில்லையும் ஒத்துப்பார்க்கிறார். முழுத்தொகையும் அந்தக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். குறைந்தபட்சத் தொகை அல்ல, முழுத்தொகை. ஒரே அட்டைதான். மளிகை, கரண்ட் பில், பஸ் ரயில் டிக்கெட் என்று எப்படியும் செய்யவேண்டிய செலவு மட்டும் அதில் போகும். புள்ளியை ஒவ்வொரு டிசம்பரிலும் எடுத்துவிடுகிறார், காலாவதியாக விடுவதில்லை.

"வருஷத்துக்கு எவ்வளவு கிடைக்குது சிஸ்டர்?" என்று கேட்டேன். "ஆயிரத்து இருநூறு கிடைக்கும் பிரதர். பிள்ளைங்களுக்கு கிறிஸ்மஸ் துணிக்கு ஆகுது" என்றார். அவ்வளவுதானா என்று என் முகத்தில் தெரிந்திருக்கும் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே, "அதுக்கு மேல ஆசைப்பட்டா அவங்க பக்கம் லாபம் பிரதர்" என்றார்.

அவருக்கு வேறொரு பிரயோஜனமும் உண்டாயிற்று. அட்டையை ஒழுங்காகக் கட்டுகிற விவரம் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகிறது. 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுகிறார்கள். வீடு கட்ட அவர் வங்கிக்குப் போனபோது அந்த மதிப்பெண் அவருக்காகப் பேசினது. தவறினாலும் அதே இடத்தில்தான் பதிவாகும்.

4. ஜாக்கிரதையாயிருக்கவேண்டிய இடங்கள்

அ) அட்டையைக் கொண்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பது. பெரும்பாலான அட்டைகளில் 2.5 சதவீதம் அல்லது குறைந்தது 500 ரூபாய் கட்டணம். ஜி.எஸ்.டி. சேர்த்தால் 590. நீங்கள் 5,000 எடுத்தால், எடுத்த அன்றே 590 போயிற்று. அன்றிலிருந்தே வட்டியும் ஓடும்.

ஆ) "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேத்து ஆகும்" என்று சொல்லும் கடை. உங்களுக்குக் கிடைக்கும் புள்ளி 1, கொடுப்பது 2. அங்கே ரொக்கமோ யு.பி.ஐ.யோ கொடுங்கள்.

இ) வருஷக் கட்டணத்தைத் தப்பிக்க வேண்டாத பொருளை வாங்குவது. 590 ரூபாயை மிச்சப்படுத்த 10,000 செலவழிக்கிறது என்ன கணக்கு?

ஈ) வட்டியில்லா இ.எம்.ஐ. என்ற பெயர். பரிசீலனைக் கட்டணம், வட்டிக்கான ஜி.எஸ்.டி. என்று உள்ளே இருக்கலாம். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போய்விடலாம். இரண்டு விலையையும் கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள்.

உ) 2022 முதல் ரூபே கடன் அட்டையை யு.பி.ஐ.யோடு இணைக்க முடிகிறது. டீக்கடையில் ஸ்கேன் செய்கிற 15 ரூபாயும் கடனாகிவிடும். கை பழகிப்போனால் கணக்கு தெரியாது.

ஊ) "உங்கள் புள்ளி இன்றிரவு காலாவதி, இந்த லிங்கைத் தொடுங்கள்" என்று வரும் செய்தி. தொடாதிருங்கள். ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லாதிருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டிலிருக்காமல் உடனே வங்கிக்கும், 1930 என்ற எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

5. உங்களுக்குள்ள பாதுகாப்பு

1958-இல் அமெரிக்காவில் பிரெஸ்னோ என்ற ஊரில் ஒரு வங்கி, கேளாமலே ஏறக்குறைய 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பினது. அநேகர் கட்ட முடியாமல் போனார்கள். 1970-இல் அந்த நாட்டில் கேளாமல் அட்டை அனுப்புவது தடைசெய்யப்பட்டது. நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதிகளும், கேட்காதவருக்கு அட்டை கொடுக்கக்கூடாது என்கின்றன. பாக்கி இல்லாத அட்டையை மூடச் சொன்னால் 7 வேலை நாளுக்குள் மூடவேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குக் கொடுக்கவேண்டும். கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்குமேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். வங்கியில் முறையிட்டு 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரத்துக்கு 14448.

ஆனால் வட்டிக்கு மாத்திரம் இப்படி ஒரு வேலி இல்லை. கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அட்டை விஷயத்தில், 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது. 2024 டிசம்பர் 20 அன்று உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. மாதம் 3.5 என்றால் வருஷத்துக்கு 42. கடைசித் தேதிக்குள் முழுத்தொகை கட்டுவதே நமக்கு வேலி.

6. யாருக்கு வேண்டாம்?

மனம்விட்டுச் சொல்கிறேன். மாதச் சம்பளம் இல்லாமல், சேலை முடிந்தால் கூலி என்று இருக்கிறவர்கள், மூன்று மாதச் செலவுக்கான பணம் சேர்த்து வைக்கும்வரை இந்த அட்டையைத் தொடவேண்டாம். மழைக்காலம் வருஷந்தோறும் வரும். பில்லும் மாதந்தோறும் வரும்.

2011-12 வாக்கில் வந்த நெசவாளர் கடன் அட்டையை இதோடு குழப்பிக்கொள்ளாதிருங்கள். அது பெயரில்தான் அட்டை. நூலும் ஜரிகையும் வாங்கத் தொழில் முதலாகக் கொடுக்கப்பட்ட கடன். பின்பு அது நெசவாளர் முத்ரா திட்டமாயிற்று, வட்டி வருஷத்துக்கு 6 சதவீதம் என்று வைத்தார்கள். தொழிலுக்குப் பணம் தேவைப்படுகிறவர்கள் முதலில் கைத்தறித் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஏற்கெனவே அட்டைக் கடனில் இருக்கிறவர்களுக்கு: இன்றே அதில் புதுச் செலவை நிறுத்துங்கள். குறைந்த வட்டியில் வேறு வழி உண்டா என்று பாருங்கள். வங்கியில் பேசித் தவணையாக்கக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் அந்தப் பதினோரு மாதமும் கட்டின வட்டியைவிட, மறைத்துவைத்ததே எனக்குப் பெரிய பாரமாயிருந்தது.

வீட்டில் குடும்பமாகச் செய்ய

1. கோபுரம் கட்ட ஆரம்பித்தவனைக் குறித்து வாசித்தோமே, அவன் எதைச் செய்யத் தவறினான்? நம் வீட்டில் அப்படி ஆரம்பித்து நிற்கிற காரியம் என்ன?

2. அட்டை இருந்தால், கடைசிப் பில்லை எல்லாரும் பார்க்க எடுத்துவையுங்கள். மொத்தத் தொகை எவ்வளவு? வட்டி என்று எவ்வளவு போட்டிருக்கிறது?

3. பில் தேதி, கடைசித் தேதி, ஒரு புள்ளிக்கு எத்தனை பைசா, இந்த மூன்றும் தெரியுமா? தெரியாவிட்டால் வங்கியில் கேட்டுக் காலண்டரில் எழுதிவையுங்கள்.

4. அட்டை இல்லாதவர்கள், ஒரு மாதம் அந்தச் சகோதரியைப்போல நோட்டு எழுதிப் பாருங்கள். அதைச் செய்ய முடிகிறவருக்கே அட்டை.

எங்கள் வீட்டிலும் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. எழுதுகிறது நான், சரிபார்க்கிறது அவள். தார்ப் பெட்டிக்கு அடியில் ஒன்றும் இல்லை. கர்த்தர் உங்கள் கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் சகோதரன்,
ஆரணி