கோடிங் கற்போம்: கடன் எழுதும் முன் தெரிந்துகொள்வோம்



நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் நடந்ததை முதலில் சொல்கிறோம். ஓர் உறுப்பினர் எழுந்து, "என் பையனுக்கு கோடிங் கிளாஸ் சேர்க்கணும், 18 ஆயிரம் உள்கடன் வேணும்" என்று கேட்டார். "கோடிங்னா என்னக்கா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டதற்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. "போன்ல ஒருத்தர் பேசினாரு. இப்பவே சேர்க்கலைன்னா பையன் பின்தங்கிப் போயிடுவான்னு சொன்னாரு" என்றார்.

அதே கூட்டத்தில் இன்னொருவர் தன் கதையைச் சொன்னார். போன வருடம் இப்படித்தான் ஒரு நிறுவனத்தில் மகனைத் தவணையில் சேர்த்தார். மூன்று மாதத்தில் பையன் போக மாட்டேன் என்று விட்டுவிட்டான். ஆனால் தவணை மட்டும் மாதாமாதம் கட்ட வேண்டியிருந்தது. கேட்டால், "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்கம்மா" என்றார்களாம்.

ஒரு மாடு வாங்க கடன் கேட்டால் பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம். பிள்ளை படிப்புக்கு என்றால் மட்டும் என்ன ஏது என்று கேட்காமல் கையெழுத்துப் போடலாமா? அதனால் இந்த மாதப் பாடம் கோடிங் பற்றியது.

கோடிங் என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்குச் சொந்த புத்தி கிடையாது. நாம் சொன்னதை, சொன்ன வரிசையில், சொன்னபடியே செய்யும். அதற்குப் புரியும் விதத்தில் கட்டளைகளை எழுதுவதுதான் கோடிங். எழுதி முடித்த கட்டளைத் தொகுப்புக்குப் பெயர் புரோகிராம்.

நம் குழுக் கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 15 உறுப்பினர்கள், ஆளுக்கு 100 ரூபாய் சேமிப்பு. ஊக்குநர் என்ன செய்கிறார்?

1. ஒரு பெயரைக் கூப்பிடுகிறார்.
2. சேமிப்பை வாங்குகிறார்.
3. உறுப்பினர் தாமதமாக வந்திருந்தால் 10 ரூபாய் அபராதம் வாங்குகிறார். நேரத்துக்கு வந்திருந்தால் அபராதம் இல்லை.
4. பாஸ்புக்கில் எழுதுகிறார்.
5. 15 பேரும் முடியும்வரை இதையே திரும்பச் செய்கிறார்.

இதில் கோடிங்கின் மூன்று அடிப்படைகளும் இருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது வரிசை. "தாமதமானால் இது, இல்லாவிட்டால் அது" என்பது நிபந்தனை. "15 பேரும் முடியும்வரை" என்பது திரும்பச் செய்தல். பெரிய பெரிய புரோகிராம்களிலும் இந்த மூன்றுதான் அடித்தளம்.

ஒரு பெயர் விட்டுப்போனால் 1,500 வர வேண்டிய இடத்தில் 1,400 தான் வரும். நாம் என்றால் "யாரோ விட்டுப்போச்சே" என்று தேடுவோம். கம்ப்யூட்டர் அப்படித் தேடாது, 1,400 என்றே காட்டும். தவறு எங்கே என்று கட்டளைகளைத் திரும்பப் படித்துக் கண்டுபிடிப்பதும் கோடிங்கில் பெரிய பகுதி. பிள்ளைகளுக்குப் பொறுமை வருவது இங்கேதான்.

கம்ப்யூட்டர் இல்லாமலே தொடங்கலாம்

நியூசிலாந்தில் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆசிரியர்கள், 1990-களிலேயே கம்ப்யூட்டர் இல்லாமல் விளையாட்டு மூலம் இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க வழி வகுத்தார்கள். நாமும் வீட்டில் இரண்டு விளையாட்டு செய்து பார்ப்போம்.

விளையாட்டு 1: ரோபோ. ஒரு பிள்ளை ரோபோ. அம்மா கட்டளை கொடுக்க வேண்டும். நாங்கள் ஒரு கூட்டத்தில் செய்து பார்த்தோம். ஓர் அக்கா மகளிடம், "போய்த் தண்ணி கொண்டா" என்றார். மகள் அசையவே இல்லை. "எங்க போகணும், எதுல கொண்டாரணும்னு நீ சொல்லலையேம்மா" என்றாள். கூட்டமே சிரித்தது. பிறகு "எழுந்திரு, நேரே ஆறு அடி நட, வலப்பக்கம் திரும்பு, சொம்பை எடு" என்று சொன்னபோதுதான் தண்ணீர் வந்தது.

விளையாட்டு 2: சதுரம். வாசலில் பிள்ளையை நிற்க வைத்து இப்படிச் சொல்லுங்கள்: "பத்து அடி முன்னே நட. வலப்பக்கம் திரும்பு. இதை நான்கு முறை செய்." நடந்த தடத்தில் சதுரம் வந்திருக்கும், பிள்ளை கிளம்பிய இடத்திலேயே வந்து நிற்கும். மூன்று முறை என்றால் ஒரு பக்கம் திறந்தே இருக்கும். ஆறு மூலை வர வேண்டுமானால் எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். முழுச் சுற்று 360 டிகிரி, அதை ஆறால் வகுத்தால் 60. கணக்குப் பாடமும் சேர்ந்தே வருகிறது.

இது புது யோசனை அல்ல. அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட் என்ற அறிஞரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1967-இல் குழந்தைகளுக்காக 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். அதில் ஓர் ஆமைக்கு "முன்னே போ, திரும்பு" என்று கட்டளை கொடுத்துப் படம் வரைய வைப்பார்கள். வாசலில் நம் பிள்ளை நடந்ததும் அதே வேலைதான்.

கம்ப்யூட்டர் கிடைத்தால்

2007-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் 'ஸ்கிராட்ச்' என்ற மென்பொருளை வெளியிட்டது. 8 வயது முதல் 16 வயதுவரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது. இதற்குக் காசு கிடையாது, முழுக்க இலவசம். கட்டளைகள் வண்ண வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றோடு ஒன்று கோத்து வைத்தால் திரையில் உள்ள பூனை நடக்கும், பேசும். இன்டர்நெட் இல்லாமலும் பயன்படுத்த முடியும், ஒரு தடவை பதிவிறக்கம் செய்துகொண்டால் போதும். இணையத்தில் சேர்ந்தால் பிள்ளையின் உண்மைப் பெயரோ, புகைப்படமோ, போன் நம்பரோ போட வேண்டாம்.

2019-இல் வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே ஸ்கிராட்ச் பற்றிய பாடம் இருக்கிறது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைத்திருக்கிறார்கள். 2011 முதல் பல ஆண்டுகள் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி சில வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது. அதைத் தூசி தட்டிப் பாருங்கள்.

பெண் பிள்ளைக்கும் சம பங்கு

உள்கடன் கேட்ட அந்த உறுப்பினருக்கு எட்டாவது படிக்கும் மகளும் உண்டு. "அவளுக்கு?" என்று கேட்டோம். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க" என்றார்.

சகோதரிகளே, 1843-இலேயே, அப்போது கட்டி முடிக்கப்படாத ஓர் இயந்திரத்துக்குக் கட்டளை வரிசை எழுதி வெளியிட்டவர் இங்கிலாந்தின் அடா லவ்லேஸ் என்ற பெண். 1945-இல் அமெரிக்காவில் 'எனியாக்' என்ற பெரிய கணினிக்குப் புரோகிராம் எழுதத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஆறு பெண்கள். அவர்களுக்கு உரிய பெயர் பல ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது. நம் வீட்டில் அப்படி நடக்க வேண்டாம். ஒரே போன், ஒரே மடிக்கணினி என்றால் அண்ணனுக்கு அரை மணி, தங்கைக்கு அரை மணி என்று நேரம் பிரித்துக் கொடுங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

தனியார் வகுப்பு எல்லாமே மோசம் என்று நாங்கள் சொல்லவில்லை. நல்லபடி சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் இவற்றைக் கேளுங்கள்:

* பிள்ளை பாதியில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? எழுத்தில் தருவார்களா?
* தவணை என்றால், அது யார் பெயரில் எடுக்கும் கடன்? வட்டி எவ்வளவு?
* மூன்று மாதத்தில் பிள்ளை தானாக எதைச் செய்து காட்டும்?
* ஆறாவது படிக்கும் பிள்ளைக்கு "பெரிய சம்பளத்தில் வேலை நிச்சயம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.
* போனில் ஆதார் எண், ஓ.டி.பி. எதையும் சொல்லாதீர்கள்.

அந்தக் குழு கடன் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு மாதம் தள்ளிவைத்தது. அதற்குள் அவர் பள்ளிக்குப் போய் ஆசிரியரைப் பார்த்தார். வாரம் ஒரு நாள் லேபில் உட்கார மகனுக்கும் மகளுக்கும் அனுமதி கிடைத்தது. அடுத்த கூட்டத்தில், "இப்போதைக்குக் கடன் வேணாம்க்கா. பொண்ணுதான் தம்பிக்குச் சொல்லித் தர்றா" என்றார்.

கூட்டத்தில் கலந்து பேச

1. நம் ஊர்ப் பள்ளி லேபில் நம் பிள்ளைகள் வாரத்தில் எத்தனை முறை உட்காருகிறார்கள்? பெண் பிள்ளைகள் எத்தனை பேர்?
2. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம் குழுவிலிருந்து அதில் யார் இருக்கிறார்கள்? அவர் இந்தக் கேள்வியை அங்கே எழுப்புவாரா?
3. யார் வீட்டில் பயன்படாத மடிக்கணினி இருக்கிறது? பகிர்ந்துகொள்ள முடியுமா?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் வீட்டில் ரோபோ விளையாட்டை ஒரு முறையாவது பிள்ளைகளோடு விளையாடிப் பாருங்கள். ரோபோவாக நீங்கள் நில்லுங்கள், கட்டளை பிள்ளைகள் கொடுக்கட்டும்!