கமக்காரர் வீட்டு நாயும் அதன் நோய்களும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் உள்ளது குருக்கள்மடம். இவ்வூர்த் துறையிலிருந்து அம்பிளாந்துறைக்குப் படகேறிப் படுவான்கரை வயல்களுக்குச் செல்லும் கமக்காரருக்கு நாய் விளையாட்டுப் பொருளன்று. வாடியில் இராக்காவல் இருப்போனுக்குக் காட்டுப்பன்றியின் வரவை முதலில் அறிவிப்பது அதுவே. வீட்டு வளவில் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளை ஆடு மாடு மிதியாது காப்பதும் அதுவே. இருந்தும், மாட்டுக்கு நோய் கண்டால் மிருக வைத்தியரை நாடுவோர், நாய்க்கு நோய் கண்டால் தானே மாறட்டுமென விட்டுவிடுகின்றனர். நாயின் நோய்களுட் சில மனிதரையும் பற்றுவன என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

அவற்றுட் கொடியது விசர் எனப்படும் நீர்வெறுப்பு நோய். இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இதனால் மாண்டனர். 1975 இல் தேசிய தடுப்புத் திட்டம் தொடங்கி, நாய்களுக்கு ஊசி போடும் வழக்கம் பரவியபின் இத்தொகை படிப்படியாகக் குறைந்து, அண்மைய ஆண்டுகளில் இருபது முப்பதளவில் நிற்கின்றது. உரிய நேரத்தில் ஊசி பெற்றிருந்தால் அவர்களுள்ளும் பெரும்பாலோர் பிழைத்திருப்பர்.

இந்நோய்க் கிருமி நோயுற்ற நாயின் உமிழ்நீரில் உள்ளது. கடிவாயிற் புகுந்து, நரம்பின் வழியே மெல்ல மெல்ல மூளையைச் சென்றடையும். இதற்குச் சில வாரங்களோ சில மாதங்களோ செல்லலாம். நோய்க்குறிகள் தோன்றியபின் காப்பாற்றும் மருந்து இல்லை.

நோயின் பெயர் பலரை ஏமாற்றிவிடுகின்றது. நீரைக் கண்டு அஞ்சுவது நோயுற்ற மனிதரேயன்றி நாயன்று. விசர் கொண்ட நாய் நீரருகே செல்லும், நீந்தவுங்கூடும். ஆகவே சட்டியில் நீர் வைத்துச் சோதிப்பது பயனற்றது. இன்னொரு தவறு இதனினும் ஆபத்தானது. விசர் கொண்ட நாயெல்லாம் வெறிகொண்டு ஓடிக் கடிப்பதில்லை. சில நாய்கள் இருளான மூலையில் ஒதுங்கிக் கிடக்கும், கீழ்த்தாடை தொங்கும், வாயிலிருந்து எச்சில் வடியும், குரல் மாறும். தொண்டையில் முள்ளோ எலும்போ சிக்கியதென எண்ணி வீட்டார் வாயினுள் கைவிடுவர். வளர்த்த அன்பினாற் செய்யும் இச்செயல் உயிருக்கே உலையாகலாம். இத்தகைய நாயைத் தொடாது அடைத்து வைத்து, மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

நாய் கடித்தாலோ, புண்ணுள்ள இடத்தை நக்கினாலோ, அவ்விடத்தை உடனே சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுதல் வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் முதலியன பூசுதல் கூடாது. பின்னர் தாமதியாது களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ வேறு அரசாங்க வைத்தியசாலைக்கோ செல்க. அங்கு இதற்குரிய சிகிச்சை இலவசமாக அளிக்கப்படும். கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடாது, 14 நாளுக்குக் கட்டிவைத்துக் கவனித்தல் நன்று. நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போடுதல் அவசியம். ஊசி போடும் நாளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அறியலாம். அந்நாளில் வாடியில் நிற்கும் நாயை மறந்துவிடுதல் வழக்கமாயிருக்கின்றது. காட்டு விலங்கோடு பொருதும் நாய்க்கே ஊசி முதலில் வேண்டும்.

அடுத்தது கொழுக்கிப்புழு. இவ்வூர் மணற்பாங்கான நிலம் இதற்கு ஏற்றது. நாயின் மலத்தோடு விழும் முட்டைகள் ஈர மணலில் பொரித்து, குடம்பிகள் வெறுங்காலின் தோலைத் துளைத்துட் புகும். இவ்வினத்துள் ஒன்று, 1911 இல் இலங்கையிற் பிடிபட்ட ஒரு புனுகுப்பூனையிலிருந்து முதன்முதலில் விவரிக்கப்பட்டு, இத்தீவின் பெயராலேயே வழங்குகின்றது. அது மனிதர் குடலிலும் வளரவல்லது. குட்டியின் முரசு வெளிறி, மலம் கருமையாகி, உடல் மெலிந்தால் இப்புழுவே பெரும்பாலும் காரணம். பாலுண்ணும் குட்டி இதனால் சில நாளிற் சாகவுங்கூடும். தாய்க்கும் குட்டிகளுக்கும் பூச்சிமருந்தை மிருக வைத்தியர் கூறும் அளவிற் கொடுத்தல் வேண்டும். பாத்திகளில் நாய் மலங்கழித்தால் அதனை அகற்றிப் புதைத்துவிடுக. களை பிடுங்கும் பெண்களும் பிள்ளைகளும் செருப்பணிதல் நன்று.

பெரும்போகத்தில் வயலில் நீர் நிற்குங் காலத்து எலிக்காய்ச்சல் நாயையும் பற்றும். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து அது தொற்றும். நாய் உணவு மறுத்து, வாந்தியெடுத்து, கண் மஞ்சளித்தால் ஐயுறவேண்டும். அத்தகைய நாயின் சிறுநீரை வெறுங்கையாற் கழுவலாகாது. வயலில் இறங்குவோருக்குரிய தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிக.

உண்ணியும் தெள்ளும் பெரிதாகக் கருதப்படுவதில்லை. ஆயினும் உண்ணி மிகுந்தால் நாய் இரத்தங் குன்றிக் காய்ச்சலுறும். இங்கே ஒன்று சொல்லியே ஆகவேண்டும்: மிளகாய்க்குத் தெளித்து எஞ்சிய பூச்சிகொல்லியை நாயின் மேல் ஊற்றிக் குளிப்பாட்டும் பழக்கம் நாயைக் கொல்லும் பழக்கமே. நாய் தன் உடலை நக்குவதால் நஞ்சு வயிற்றினுட் செல்கின்றது. கழிவு எண்ணெயைச் சொறிக்குப் பூசுவதும் இத்தகையதே. உண்ணிக்கும் சொறிக்கும் நாய்க்கெனவே ஆக்கப்பட்ட மருந்துகள் உள்ளன. எலிப்பாசாணம் வைக்கும் இரவுகளில் நாயைக் கட்டிவைத்து, செத்த எலிகளை விடியுமுன் பொறுக்கிப் புதைத்துவிடுதல் வேண்டும்.